புகழ் ஆசையும் கம்யூனிஸ்ட் பண்பும்

(கட்சி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புகழ் என்பது தமிழில் இழிசொல் அன்று. பண்டைத் தமிழில் ‘இசை’ என்ற சொல்லுக்கும் புகழ் என்ற பொருள் உண்டு. ஈகையாலும் உழைப்பாலும் ஒருவருக்குப் பின்னால் தங்கி நிற்பதே புகழ் என்பது இம்மொழி பேசும் மக்களின் நெடுங்கால எண்ணம். ஆனால், கடந்த இருபது ஆண்டுகளில் இந்தியா முழுவதிலும் இந்த வரிசை தலைகீழாகியிருக்கிறது. செயலுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது இப்போது செயலுக்கு முன்னால் வந்து நிற்கிறது. நிவாரணப் பொட்டலம் கைமாறுவதற்கு முன்பே கைபேசி உயர்கிறது. வாங்கும் பெண்மணி நிமிர்ந்து படத்துக்கு முகம் காட்டிய பிறகே பொட்டலம் அவர் கைக்குச் சேர்கிறது. இக்காட்சியைத் தோழர்கள் பலரும் கண்டிருப்பார்கள். முதலாளித்துவக் கட்சிகளின் நிகழ்ச்சிகளில் மட்டுமே கண்டதாக எல்லோராலும் சொல்ல முடியுமானால் இந்த உரைக்குத் தேவை இருந்திருக்காது.

இதைத் தனிமனிதரின் ஒழுக்கக் கேடு என்று மட்டும் பார்ப்பது மார்க்சியப் பார்வை ஆகாது. ஆசை மனிதனுக்குள் இருக்கலாம். அந்த ஆசையைப் பயிரிட்டு அறுவடை செய்யும் தொழில் வெளியே இருக்கிறது. 2005இல் யூடியூப் தொடங்கப்பட்டது. 2009இல் பேஸ்புக்கில் ‘லைக்’ பொத்தான் வந்தது. 2020 ஜூன் இறுதியில் இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ‘ரீல்ஸ்’ வசதியை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. சந்தை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறியதே தவிர சரக்கு மாறவில்லை. இந்நிறுவனங்களுக்கு விளம்பரமே பெரும் வருமானம். பார்ப்பவரின் நேரத்தை விளம்பரதாரருக்கு விற்பது அவற்றின் வணிகம். அந்த நேரத்தைப் பிடித்து வைக்கும் தூண்டில் புழுவே கோடிக்கணக்கான சாதாரண மனிதர்களின் புகழ் ஆசை. வேலையில்லாத இளைஞர் ஒருவர் ஓடும் ரயிலின் படிக்கட்டில் தொங்கியபடி படம் எடுக்கும்போது அவர் யாருக்காகவோ ஊதியமின்றி உழைத்துக்கொண்டிருக்கிறார். தவறினால் அவர் உயிரும் போகும். அவரைக் கேலி செய்வது எளிது. வேலை கொடுக்காத சமூகம் அவருக்கு ‘பின்தொடர்வோர்’ எண்ணிக்கையைக் கொடுத்திருக்கிறது என்பதைக் கேலி செய்வோர் காண்பதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. வீடு வீடாக உணவு கொண்டு சேர்க்கும் தொழிலாளிக்கு வாடிக்கையாளர் நட்சத்திரம் இட வேண்டும். நட்சத்திரம் குறைந்தால் வேலை குறையும். சில நேரம் கணக்கே முடக்கப்படும். மழையில் நனைந்து மாடி ஏறி வந்தவர் புன்னகைத்தாக வேண்டும். பிறருக்குப் பிடித்தவராக இருப்பது இங்கே ஆசை அன்று, பணி நிபந்தனை.

2022 மே மாதத்தில் உலக சுகாதார அமைப்பு இந்தியாவின் ஆஷா பணியாளர்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்களுக்கான விருதை அளித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்கள். கொரோனாக் காலத்தில் முகக்கவசம்கூடச் சரியாகக் கிடைக்காமல் தெருத்தெருவாகச் சென்றவர்கள். விருதை ஆட்சியாளர்கள் உடனே பாராட்டினார்கள். அப்பெண்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க மட்டும் மறுத்தார்கள். 2005இல் திட்டம் தொடங்கிய நாள் முதல் அவர்கள் பெறுவது சம்பளம் அன்று, ஊக்கத்தொகையும் மதிப்பூதியமுமே. புகழைக் கொடுப்பதற்குச் செலவில்லை. ஊதியம் கொடுக்க மனமில்லாத இடத்தில் புகழ் தாராளமாகப் பாய்கிறது. பாராட்டு மழை பொழியும்போதெல்லாம் ஊதியப் பட்டியலையும் கேட்டுப் பார்ப்பது தொழிற்சங்கத் தோழர்களுக்கு நல்ல பழக்கம்.

ஆட்சியாளரின் முகம்

கீழே நடப்பது இதுவென்றால் மேலே நடப்பது வேறு. 2015இல் தன் பெயரையே கோடுகளாக நெய்த கோட்டை அணிந்து நாட்டின் பிரதமர் அமெரிக்க அதிபரைச் சந்தித்தார். அந்த உடை பின்னர் சூரத்தில் 4.31 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. 2021 பிப்ரவரியில் அகமதாபாத்தின் மோட்டேரா மைதானத்துக்குப் பதவியில் இருக்கும் பிரதமரின் பெயரே சூட்டப்பட்டது. அதே ஆண்டு, தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் சான்றிதழில் போட்டவரின் படம் இல்லை. பிரதமரின் படம் இருந்தது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய ஊசி, செவிலியர்களின் உழைப்பு, ஆய்வகங்களின் அறிவு, எல்லாம் ஒரே முகத்துக்குள் அடக்கப்பட்டன. பலருடைய உழைப்பை ஒருவர் பெயரில் பதிவு செய்துகொள்வது என்ற இந்தச் செயல் தொழிற்சாலையில் நடந்தால் அதற்குச் சுரண்டல் என்று பெயர்.

இந்த ஆபத்தை முன்பே உணர்ந்தவர்கள் இந்நாட்டில் இருந்தார்கள். 1937 நவம்பரில் கல்கத்தாவின் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் சாணக்கியன் என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வெளியானது. ஜவஹர்லால் நேருவுக்குக் கூடும் கூட்டமும் கிடைக்கும் ஆரவாரமும் அவரைச் சர்வாதிகாரத்தின் பக்கம் சாய்த்துவிடக் கூடும் என்றும், அவரை மீண்டும் காங்கிரஸ் தலைவராக்கக் கூடாது என்றும் அது எச்சரித்தது. எழுதியவர் நேருவேதான். இதிலும் ஒருவகைத் தன்மோகம் உண்டு என்று விமர்சிப்பவர்கள் உண்டு. அவ்விமர்சனத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனாலும், தன்னைப் பற்றிய ஐயத்தை அச்சிலேற்றிய ஒரு தலைவரை இன்றைய ஆட்சியாளர்களிடையே தேடிப் பார்க்கலாம். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இன்னும் தெளிவாகப் பேசினார். மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் அது வீழ்ச்சிக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்குமே வழி என்பது அவருடைய எச்சரிக்கை.

இயக்கத்தின் மரபு

1877இல் வில்ஹெல்ம் பிளோஸ் என்ற ஜெர்மானியத் தோழருக்கு எழுதிய கடிதத்தில் மார்க்ஸ் இப்பொருளைத் தொடுகிறார். தமக்கும் எங்கெல்சுக்கும் புகழில் சிறிதும் நாட்டமில்லை என்றும், அகிலம் செயல்பட்ட காலத்தில் பல நாடுகளிலிருந்து வந்த பாராட்டுரைகளை வெளியிட ஒருபோதும் அனுமதித்ததில்லை என்றும் எழுதுகிறார். கம்யூனிஸ்ட் கழகத்தில் சேரும்போதே, தலைமையை மூடத்தனமாக வழிபடத் தூண்டும் எதுவும் விதிகளில் இருக்கக் கூடாது என்று இருவரும் நிபந்தனை விதித்திருந்தார்கள். 1920 ஏப்ரலில் மாஸ்கோ கட்சிக் கமிட்டி லெனினின் 50ஆம் பிறந்தநாளைக் கொண்டாடியது. பாராட்டுரைகள் முடிந்த பிறகே லெனின் வந்தார். அவற்றைக் கேட்க வைக்காமல் விட்டதற்கு நன்றி கூறிவிட்டு, வெற்றி பெற்ற கட்சியைத் தற்பெருமை பிடித்துக்கொள்ளும் அபாயம் குறித்துப் பேசினார். அவர் மறைந்த பிறகு சோவியத் நாட்டில் தனிநபர் வழிபாடு வளர்ந்த வரலாறும், அதற்குக் கட்சி கொடுத்த விலையும் தோழர்கள் அறிந்தவை. விதிகளில் எழுதி வைத்தால் மட்டும் இந்நோய் அணுகாது என்று எண்ணுவதற்கு அந்த வரலாறு இடமளிக்கவில்லை.

இந்தியாவில் 1992இல் இ.எம்.எஸ். பத்ம விபூஷண் விருதை ஏற்க மறுத்தார். 2022 ஜனவரியில் புத்ததேவ் பட்டாச்சார்யா பத்ம பூஷண் விருதை மறுத்தார். அதே ஆண்டில் கேரளத்தின் முன்னாள் சுகாதார அமைச்சர் கே.கே.ஷைலஜா மகசேசே விருதைக் கட்சியுடன் கலந்துபேசி ஏற்காமல் விட்டார். பிலிப்பைன்சில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கிய ஒருவரின் பெயரால் வழங்கப்படும் விருது என்பது ஒரு காரணம். நிபாவையும் கொரோனாவையும் எதிர்கொண்டது பலர் சேர்ந்த அரசுப் பணி, தனி ஒருவரின் சாதனை அன்று என்பது இன்னொரு காரணம். ‘கிடைத்த மரியாதையை ஏன் விட வேண்டும்’ என்று வெளியே பலர் கேட்டார்கள். உள்ளேயும் சிலர் கேட்டிருக்கலாம். ஆய்வகத்தில் இரவு பகலாக இருந்தவர், ஆம்புலன்ஸ் ஓட்டியவர், கிராமத்துச் செவிலியர் ஆகியோர் அந்த மரியாதையில் எங்கே இருக்கிறார்கள் என்பதே அதற்கான பதில்.

பெயர் மறுக்கப்பட்டவர்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘அடக்கமாக இரு’ என்ற போதனை இந்தியச் சமூகத்தில் எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே வந்திருக்கிறது. அன்றைய தானே மாவட்டத்தில் உம்பர்காவ், தஹாணு பகுதி வார்லி ஆதிவாசிகள் நிலப்பிரபுக்களிடம் வெட்டி வேலை செய்தார்கள். திருமணத்துக்கு வாங்கிய கடனுக்காகக் கணவனும் மனைவியும் அடிமைகளாக உழைத்தார்கள். அவர்களிடையே பணியாற்றச் சென்றவர் கோதாவரி பருலேகர். புனேயின் வசதியான வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்து சட்டம் படித்தவர். 1945இல் வெடித்த வார்லி எழுச்சியில் அக்டோபர் 10 அன்று தல்வாடாவில் போலீஸ் சுட்டதில் ஜேத்யா காங்கட் உள்ளிட்ட ஐந்து பேர் உயிர்நீத்தார்கள். அம்மக்கள் கோதாவரியை ‘கோதுதாய்’ என்று அழைத்தார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றி அவர் பின்னர் எழுதிய மராத்தி நூலின் தலைப்பு ‘மனிதன் விழித்தெழும்போது’ என்று பொருள்படும். தலைப்பில் அவர் இல்லை, விழித்தவர்கள் இருக்கிறார்கள்.

பெயர் சொல்லி அழைக்கப்பட வேண்டும், மனிதராகக் கணக்கிடப்பட வேண்டும் என்று வார்லி உழவர் விரும்பியது புகழ் ஆசை அன்று. அது உரிமை. ஆஷா பணியாளர் கேட்பதும் அதுவே. அடக்கம் என்ற பண்பை எல்லோரிடமும் சம அளவில் எதிர்பார்ப்பது நியாயமாகாது. பிறப்பாலேயே பெயரும் மதிப்பும் பெற்றவர் அதில் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். நெல்லூர் மாவட்டத்தில் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்த சுந்தரராமி ரெட்டி, பெயரிலிருந்த ரெட்டியை நீக்கி சுந்தரய்யா ஆனார். நாடாளுமன்றத்துக்குச் சைக்கிளில் சென்றவர் என்றே பலர் அவரை நினைவுகூர்கிறார்கள். சைக்கிளைவிடப் பெரிய செய்தி பெயரை நறுக்கியது.

சைக்கிளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எளிமையும் இன்று காட்சிப் பொருளாகிவிட்டது. தேநீர்க் கடை பெஞ்சில் அமர்ந்திருக்கும் தலைவரின் படம் பத்துக் கோணங்களில் வெளிவந்தால் அந்த பெஞ்சு மேடையாகிவிட்டது என்று பொருள். சுந்தரய்யாவின் சைக்கிளுக்கு முன்னால் ஒளிப்படக்காரர் ஓடவில்லை.

கட்சிக்குள் இந்நோயால் விளையும் கேடு, யாரோ ஒருவருக்குக் கர்வம் ஏறுவதோடு நிற்பதில்லை. படமாகாத வேலை நின்றுபோகிறது. கிளைக் கூட்டத்தின் முடிவுகளைப் பதிவேட்டில் எழுதுவது, சந்தா வசூலிப்பது, பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து அது படிக்கப்பட்டதா என்று கேட்பது, கோபித்துக்கொண்டு ஒதுங்கிய தோழரை மூன்றாவது முறையாகச் சென்று பார்ப்பது ஆகிய எதற்கும் ‘லைக்’ விழாது. ஆர்ப்பாட்டத்துக்கு நூறு பேர் வந்ததாகப் படம் இருக்கும். அந்த நூறு பேரில் எத்தனை பேர் அமைப்பில் சேர்ந்தார்கள் என்ற குறிப்பு இருக்காது. விமர்சனம் தாங்கும் வலுவும் இதனால் குறைகிறது. நாள் முழுவதும் பாராட்டையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கமிட்டிக் கூட்டத்தில் தோழர் சுட்டிக்காட்டும் குறை பகையாகத் தெரியும். சமூக ஊடகத்தை விட்டுவிட வேண்டும் என்பது இதற்குத் தீர்வாகாது. மக்கள் இருக்கும் இடத்தில் கட்சி இருந்தாக வேண்டும். எந்தப் படம், எதற்காக, யாருடைய ஒப்புதலுடன் வெளியிடப்படுகிறது என்பதைத் தனிநபர் கணக்குகள் முடிவு செய்யாமல் கமிட்டி முடிவு செய்ய வேண்டும். உதவி பெறுபவரின் முகத்தை வெளியிடாமலிருப்பது அதில் முதலாவதாக இருக்கலாம்.

2018 மார்ச்சில் அகில இந்திய விவசாயிகள் சங்கத்தின் தலைமையில் நாசிக்கிலிருந்து மும்பைக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடைபெற்ற நெடும்பயணத்தைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல்லாயிரக்கணக்கானோர் நடந்தார்கள், பெரும்பகுதியினர் ஆதிவாசிகள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு இடையூறு நேரக் கூடாது என்று, நாள் முழுவதும் நடந்து களைத்தவர்கள் நள்ளிரவுக்குப் பின் மீண்டும் எழுந்து நகரைக் கடந்து ஆசாத் மைதானம் சென்றார்கள். நாடெங்கும் பரவிய படங்களில் முகங்களைவிடக் கொப்புளம் வெடித்த பாதங்களே அதிகம் பேசின. அந்தப் பாதங்களுக்கு உரியவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் பத்திரிகைகளில் வரவில்லை.

அவர்கள் தங்கள் பெயர் இடம்பெற வேண்டும் என்று கேட்டது வேறு ஒரு தாளில். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி வழங்கப்படும் பட்டா அது. மணமானவர்களாயின் கணவன், மனைவி இருவர் பெயரிலும் அது எழுதப்பட வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. மனுவை நிரப்பி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்நிலம் அவர்கள் அனுபவத்தில் இருந்ததற்குச் சான்று திரட்டி, ஊரின் முதியவர்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்கி, கிராமசபையில் தீர்மானம் பெற வேண்டும். ஓர் எழுத்துப் பிழையும் மனு தள்ளுபடியாகக் காரணமாகலாம். 2019 பிப்ரவரியில், தள்ளுபடியான மனுதாரர்களை வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, இரண்டு வாரங்களில் அதை நிறுத்தி வைத்தபோது, அந்தத் தாள்களின் மீது எத்தனை குடும்பங்களின் வாழ்வு நிற்கிறது என்பது நாட்டுக்குத் தெரிந்தது. நெடும்பயணத்தின் முடிவில் மாநில அரசு எழுத்துமூலம் அளித்த உறுதிமொழி முழுமையாக நிறைவேறாததால் அடுத்த ஆண்டே அவர்கள் மீண்டும் நடக்கத் தொடங்க நேர்ந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் அருகே அமர்ந்து, மூதாட்டி ஒருவர் சொல்லச் சொல்ல அவருடைய பெயரையும் அவர் உழுத நிலத்தின் நான்கு எல்லைகளையும் படிவத்தில் எழுதிக்கொண்டிருக்கும் ஊழியர்களின் வேலை அந்த மலைக் கிராமங்களில் இன்னும் முடியவில்லை.