பெயர் கெடாமல் பெயர்த்தல்



பிழைப்பின் பொருட்டு மாநிலம் கடந்து வாழும் நமக்கு முகவரி பலமுறை மாறியிருக்கும். மாறாமல் உடன் வந்தது பெயர் ஒன்றே. அலுவலகப் பட்டியல் ஒன்று பழைய கோப்பிலிருந்து புதிய தரவுத்தளத்திற்குப் பெயர்க்கப்படும்போது அப்பெயரும் சிதைவதுண்டு. அதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம்.

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். 0 முதல் 255 வரை ஓர் எண்ணைத் தாங்கும் அறைக்குப் 'பைட்' என்று பெயர். எந்த எண் எந்த எழுத்து என்பது முன்னரே செய்துகொண்ட உடன்பாடு. இன்று பெருவழக்கான யூடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் வேண்டும். 'கமலம்' என்ற பெயரில் க, ம, ல, ம, புள்ளி என 5 குறிகள். ஆக 15 பைட்டுகள்.

அவற்றை ஐரோப்பிய மொழிகளுக்குரிய பழைய முறையில் படித்தால், பைட்டுக்கு ஓர் எழுத்தாக, தலைமேல் கோடிட்ட ரோமானிய எழுத்தும் வட்டத்துள் அடைபட்ட முத்திரையும் மாறி மாறித் தோன்றும். அஞ்ச வேண்டியதில்லை. எண்கள் கெடவில்லை, உரிய முறையில் மீண்டும் படித்தால் கமலம் திரும்புவார்.

தமிழே இல்லாத முறைக்கு மாற்றிச் சேமிப்பதுதான் பெருங்கேடு. அப்போது குறிக்கொரு கேள்விக்குறி விழும். கமலமும் 5 கேள்விக்குறிகள். பவளமும் 5 கேள்விக்குறிகள். பிரித்தறிய எவராலும் இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அலுவலகத்தின் ஓய்வூதியர் பட்டியலைச் சரிபார்க்க மொழிபெயர்ப்பாளராகிய நாங்கள் அழைக்கப்பட்டோம். பெயர்ப் பத்தி முழுவதும் கேள்விக்குறிகள். மூலக் கோப்போ அழிக்கப்பட்டிருந்தது. காகிதப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராக எழுதினோம். மை மங்கிய இடங்களில் முதியவர்களையே வரவழைத்துக் கேட்க நேர்ந்தது. தம் பெயரைத் தாமே மெய்ப்பிக்க வந்த அவர்கள் முகத்தை நாங்கள் மறக்கவில்லை.

புகைப்படமும் கைரேகையும் வேறு வகை. அவற்றின் பைட்டுகள் எழுத்துகளே அல்ல. எழுத்தென்று கருதி மாற்ற முற்பட்டால் படமே திறவாமற் போகலாம். அவற்றை உள்ளவாறே பெயர்த்தல் வேண்டும்.

ஆகவே, இப்பணியில் உள்ளோர் மூன்றைக் கடைப்பிடிப்பாராக: மூலக் கோப்பைக் காத்தல், கோப்பு, இணைப்பு, தரவுத்தளம் மூன்றிலும் எழுத்துமுறையை வெளிப்படையாகக் குறித்தல், முதலில் பத்துப் பெயர்களை மட்டும் பெயர்த்துக் கண்ணால் ஒப்பிடுதல்.

நேயர்களும் புதிய அட்டையில் கேள்விக்குறியைக் கண்டால் வாளாவிருக்க வேண்டா. பழைய சான்றின் படியுடன் உடனே எழுதிக் கொடுங்கள். மூலம் அழியுமுன் கேட்டால் பெயர் மீளும்.