செயின் கழன்ற இடம்

நடுவர் அவர்களே! இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போச்சுன்னு எதிரணி அண்ணாச்சி ரொம்பத்தான் வருத்தப்பட்டார். அந்தக் காலத்துல நாங்க என்னமோ திருவாசகம் ஓதிக்கிட்டு இருந்த மாதிரி! (சிரிப்பு)

1980-ல் 'ஒருதலை ராகம்' வந்துச்சு. படம் பார்த்துட்டு எங்க தெருவே தாடி வளர்க்கக் கிளம்பிருச்சு. எனக்கு வயசு பதினாறு, முளைச்சால்தானே வளர்க்க! ஆகவே வாடகை சைக்கிள். சரியா அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல செயின் கழலும். தானாக் கழலாதுங்க, கழட்டணும். ஒருநாள் அவங்க அப்பாவே வந்தார். "நகரு தம்பி"ன்னு கையெல்லாம் கிரீஸாக, அவரே மாட்டிவிட்டார். "தினமும் இங்கேயே கழலுதே, பல் சக்கரத்துல கோளாறு போல. உங்கப்பாகிட்ட சொல்றேன்." அன்னைக்கு ராத்திரி என் பல் தப்பிச்சதே பெரிசு! (பலத்த சிரிப்பு)

ஆனா அதே தெருவுல இன்னொரு வீட்டுக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் வந்துச்சு. அந்தப் பொண்ணு அதைப் பிரிக்கக்கூட இல்லை; பிரிச்சது அப்பா. பத்தாம் வகுப்போட படிப்பை நிறுத்திட்டார். எழுதினவன் மறுநாளும் பள்ளிக்கூடம் போனான். இதையா ஐயா பொற்காலம்னு சொல்றீங்க?

போன மாசம் என் பேத்தி செல்போனை நீட்டினா. "தாத்தா, ஒருத்தன் கவிதை அனுப்பியிருக்கான், எத்தனை எழுத்துப்பிழைன்னு பாருங்க." எண்ணினேன், பதினொண்ணு. சொல்லலாம்னு நிமிர்ந்தா, அவ பரீட்சைக்குக் கிளம்பிட்டா. தீர்ப்பை நீங்க சொல்லுங்க நடுவர் அவர்களே! (கைதட்டல்)