கண்ணாடிப் பெட்டியில் ஊர்வன

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் ஊர்ப் பழமொழி. ஹைதராபாத்தில் அவ்வப்போது நடைபெறும் செல்லப்பிராணிக் கண்காட்சிகளில் ஒன்றுக்கு அண்மையில் என் மகளுடன் சென்றிருந்தேன். அங்கே படை நடுங்கவில்லை; நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றது. பந்து மலைப்பாம்பு ஒன்றை இளைஞர் சிலர் மாலையாக அணிந்து படம் எடுத்துக்கொண்டனர். "ஐயையோ, நாக்கை நீட்டுதே!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் எழுந்ததும், நம்மவரும் வந்திருக்கின்றனர் என்று தெரிந்துகொண்டேன்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, 'எக்ஸாடிக்' என்று அங்கே எழுதியிருந்த சொல் தொல்லை தருவது. அயல்நாட்டது என்றால் கவர்ச்சி விடுபடுகிறது. அபூர்வமானது என்றால் உண்மை விடுபடுகிறது. பந்து மலைப்பாம்பு மேற்கு ஆப்பிரிக்கக் குடியானவனுக்குப் பழகிய பிராணிதானே! சட்டத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை. எந்நாட்டு இனம் என்பதையே அது கேட்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டு நட்சத்திர ஆமையையோ பச்சைக்கிளியையோ வீட்டில் வைத்திருப்பது குற்றம். 2024-இல் கடலூரில் கிளி ஜோசியர் ஒருவரின் கிளிகளை வனத்துறையினர் கைப்பற்றியது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கலாம்.

கடல் கடந்து வந்த உயிர்களைப் பற்றியோ அச்சட்டம் நெடுங்காலம் பெரும்பாலும் வாய் திறவாமலே இருந்தது. 2022-இல் இயற்றப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தமே, 'சைட்டிஸ்' என்னும் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் கண்ட பிராணிகளை வைத்திருப்போர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என விதித்தது. பந்து மலைப்பாம்பும் இகுவானாவும் அப்பட்டியலில் உள்ளவை. 2024-இல் வெளியான விதிகளின்படி 'பரிவேஷ்' என்னும் அரசு இணையத்தளத்தில் பதிவு செய்தல் வேண்டும். பிராணி கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் அறிவித்தல் வேண்டும். ஆகவே, விலையைக் கேட்கு முன் பத்திரத்தைக் கேட்பது நலம்.

பத்திரம் சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா? ஊர்வன தம் உடற்சூட்டைப் பெரும்பாலும் தாமே உண்டாக்கிக்கொள்ள இயலாதவை. வெயிலையும் நிழலையும் மாறி மாறி நாடியே அதைச் சரிசெய்துகொள்கின்றன. பெட்டிக்குள் அந்த வெயிலை மின்விளக்கு தர வேண்டும். புறஊதாக் கதிர் கிட்டாவிடில் இகுவானாவின் எலும்பு நலியும், ஆமையின் ஓடு மென்மையுறும். நாய் நோயுற்றால் முனகும், ஆமை முனகாது. இரையை மறுப்பதே பெரும்பாலும் அதன் முறையீடு. அம்மொழியை அறிந்த கால்நடை மருத்துவரோ மிகச் சிலர்.

உள்ளங்கை அளவுள்ள சல்காட்டா ஆமை ஒன்றை என் மகள் கேட்டாள். சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்பில் வாழும் இனம் அது. எத்தனை காலம் வாழும் என்று விற்பவரைக் கேட்டேன். கவலையே வேண்டாம், நீண்ட ஆயுள் என்றார். எனக்குக் கவலை அங்கேதான் தொடங்கியது. அது ஐம்பது கிலோவைத் தாண்டி வளரக்கூடும். எழுபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். மத்திய அரசு ஊழியனுக்கு மாற்றல் உத்தரவு எப்போது வரும் என்று யார் கண்டார்? ஜனவரி மாதத்து டில்லியில், மூன்றாம் மாடி வாடகை வீட்டில், அதற்கு வெயிலை எங்கே தேடுவேன்? நான் ஓய்வு பெற்ற பின்னும், என் மகளே ஓய்வு பெற்ற பின்னும், அது கீரை கேட்குமே!

இது மிகையன்று. 1963-இல் நம் நகரின் நேரு விலங்கியல் பூங்கா திறக்கப்பட்ட காலத்தில் பப்ளிக் கார்டன்ஸிலிருந்து கொண்டுவரப்பட்ட கலாபகோஸ் ஆமை ஒன்று, ஏறத்தாழ 125 வயதில், 2024-இல்தான் உயிர் நீத்தது. எத்தனை காவலர்கள் அதற்கு இரையிட்டு, ஓய்வு பெற்றுச் சென்றார்களோ!

தனி வீடுகளில் அத்தகைய பொறுமையைக் காண்பது அரிது. நாணயம் அளவில் விற்கப்படும் சிவப்புக்காது ஆமை, மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்துப் பிராணி. அது சோற்றுத் தட்டளவு வளர்ந்ததும் சலிப்புற்று, இரவோடிரவாக ஏரியில் விட்டுவிடுவோர் உளர். ஜீவகாருண்யம் செய்ததாக மனத்துக்கு ஒரு சமாதானம் வேறு! உலகில் பெருந்தீங்கு விளைக்கும் 100 அயலினங்கள் என வகுக்கப்பட்ட பட்டியலில் அதுவும் ஒன்று. நம் குளத்து ஆமைகளின் இரையையும், அவை வெயில் காயும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். வளர்க்க இயலாத பிராணியைப் பற்றி வனத்துறையிடம் ஆலோசனை கேட்கலாம். நீர்நிலையில் மட்டும் விடலாகாது.

ஆமை வாங்காமலே வீடு திரும்பினோம். மகளின் மௌனம் இரண்டு நாள் நீடித்தது. அடுத்த ஞாயிறன்று, மீர் ஆலம் ஏரிக்கு அருகில் 380 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ள அந்தப் பூங்காவுக்கு அவளை அழைத்துச் சென்றேன். கிண்டிப் பாம்புப் பண்ணையைப் பார்த்து வளர்ந்த சென்னைவாசிகளுக்கு அங்குள்ள ஊர்வனப் பகுதி புதிதாகத் தோன்றாது. வெயில் ஏறுமுன் சென்றால் குழந்தைகள் களைப்பின்றிச் சுற்றிப் பார்க்கலாம். திங்கட்கிழமை விடுமுறை.