விருந்துக்கு முந்தின இரவு



அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். 1863-இல் ஆபிரகாம் லிங்கன் அதைத் தேசத்துக்கே பொதுவான நாளாக அறிவித்தார். நான்காம் வியாழன்தான் என்று சட்டம் வந்தது 1941-இல். அன்றைக்கு வான்கோழி வாட்டுவார்கள், சாப்பாடு முடிந்ததும் பூசணிக்காயில் செய்த பை வரும் என்று படங்களில் பார்த்திருப்போம். தென் மாநிலங்களில், அதிலும் கறுப்பின மக்களின் வீடுகளில், பூசணியின் இடத்தில் இருப்பது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஸ்வீட் பொட்டேட்டோ பை என்பார்கள். மைதாவையும் வெண்ணெயையும் பிசைந்து, விளிம்பு உயர்ந்த தட்டில் ஓடு போல விரிப்பார்கள். மசித்த கிழங்கோடு முட்டை, வெண்ணெய், சர்க்கரை, சுண்டக் காய்ச்சிய பால், ஜாதிக்காய், பட்டைத் தூள், வெனிலா சேர்த்து அடித்த பூரணத்தை அதில் ஊற்றி ஓவனில் சுடுவார்கள். அவ்வளவுதான் பலகாரம்.

அதைச் சுடும் விதத்தைப் பலரும் சொல்லிவிட்டார்கள். சுட்டபின் விருந்து வேளைவரை எப்படிக் காப்பாற்றுவது, எப்படிப் பரிமாறுவது என்பதைத்தான் நான் இன்று பேச விரும்புகிறேன். காரணம் எளிது. வியாழக்கிழமை அந்த வீட்டு ஓவனை வான்கோழி மணிக்கணக்கில் பிடித்துக்கொள்ளும். பை புதன்கிழமையே தயாராகிவிட வேண்டும். அதற்கும் விருந்துக்கும் நடுவே ஒரு முழு இரவு இருக்கிறது. எத்தனையோ நல்ல பைகள் கெடுவது அந்த இரவில்தான்.

நம் வீட்டு இனிப்புகளை மனதில் வைத்து இதை அணுகக் கூடாது. அதிரசத்தைச் சுட்டுப் பிழிந்து டின்னில் அடைத்தால் பல நாள் நிற்கும். வெல்லப்பாகு மிகுதி, ஈரம் குறைவு. இந்தப் பை நேர் எதிர். தொட்டால் நெகிழும் அளவுக்கு ஈரம், முட்டை, பால். சர்க்கரை நாக்குக்குப் போதும். கெடாமல் காப்பதற்குப் போதாது. இனிப்புதானே, வெளியிலேயே இருக்கட்டும் என்ற நினைப்புதான் ஆபத்து. 4 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகும். தோதான இடம் கிடைத்தால் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு 2 மணி நேரம். முட்டையும் பாலும் சேர்த்துச் செய்த பையை அதற்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான்.

இதைச் சொன்னால் அங்கே பல வீடுகளில் ஒரு பதில் வரும். எங்கள் பாட்டி ராத்திரி முழுக்க மேடையில்தான் வைப்பாள், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்பார்கள். பாட்டியின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவருடைய சமையலறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விறகடுப்பு அணைந்ததும் நவம்பர்க் குளிர் ஏறிவிடும் அறை அது. இன்றைக்கு இரவெல்லாம் வீடு முழுவதும் சூடாக்கி வைக்கிறார்கள். பாட்டிக்கும் ஒன்றும் நேராதது கொஞ்சம் அதிர்ஷ்டத்தால்தான். விருந்துக்கு வருகிற கூட்டத்தில் கைக்குழந்தை இருக்கும், கர்ப்பிணி இருப்பார், எண்பது வயதுப் பெரியவர் இருப்பார். கெட்ட உணவு முதலில் தாக்குவது அவர்களைத்தான். அவர்களை வைத்து அதிர்ஷ்டத்தைச் சோதிக்கலாமா?

அந்தக் காலத்து மக்களும் இதில் அலட்சியமாக இருந்துவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் வர்ஜீனியா, டென்னசி பக்கத்து வீடுகளில் பைகளை வைப்பதற்கென்றே ஒரு மர அலமாரி இருந்தது. பை சேஃப் என்று பெயர். அதன் கதவில் மரப்பலகைக்குப் பதில் தகரம் அடித்திருப்பார்கள். தகரத்தில் ஆணியால் குத்திக் குத்தி நட்சத்திரமாகவும் பூவாகவும் ஓட்டைகள். பார்க்க அலங்காரம், வேலை வேறு. காற்று உள்ளே போய்வரும், ஈ நுழையாது, எலி கடிக்காது. தென் மாநிலக் கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் எட்டியது 1936-இல் வந்த கிராம மின்மயச் சட்டத்துக்குப் பிறகுதான். அதுவரை அந்த அலமாரிதான் துணை. குளிர்விக்க அதனால் முடியாது. ஆனால் மூடிவை, காற்று விடு என்ற இரண்டு பாடமும் அதில் இருந்தன. இன்றைய ஃபிரிட்ஜுக்குள்ளும் அவை பொருந்தும்.

எப்படி என்று சொல்கிறேன். ஓவனிலிருந்து எடுத்த பையைக் கம்பித் தட்டின் மேல் வையுங்கள். அடியிலும் காற்று புகுந்தால் ஓடு வியர்க்காது. சூடாக இருக்கும்போதே மூடினால் என்ன ஆகும்? ஆவி மூடியில் முட்டி, சொட்டாகி, பூரணத்தின் மேலேயே விழும். காலையில் திறந்தால் மேற்பரப்பில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருக்கும்; ஓரத்து மாவு நமுத்துப் போயிருக்கும். அதனால் முதலில் ஆறட்டும். சுமார் 2 மணி நேரத்துக்குள் கை தாங்கும் சூட்டுக்கு வந்துவிடும். அப்போது மூடாமலே ஃபிரிட்ஜில் வைத்து, நன்றாகக் குளிர்ந்தபின் லேசாக மூடினால் போதும். கவிழ்த்த கிண்ணம் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. பூரணத்தில் எதுவும் ஒட்டாது. பக்கத்தில் வெங்காயமோ மீனோ வேண்டாம். வெண்ணெய் எல்லா வாசனையையும் வாங்கிக்கொள்ளும்.

ஒரு பை எத்தனை நாள் தாங்கும் என்பது அதைச் சுடும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. கிழங்கை வேகவைத்தால் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் மறுநாள் மெதுவாகக் கசிந்து அடி ஓட்டைக் கூழாக்கும். தோலோடு ஓவனில் மெல்லச் சுட்டால் ஈரம் வற்றும். கிழங்கிலேயே உள்ள நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றவும் அவகாசம் கிடைக்கும். தோல் வெடித்து, கருப்பாகப் பாகு வடியும்வரை விடுங்கள். பிறகு நார். மின்சார அடிப்பானால் மசித்தால் நீளமான நார்கள் அதன் கம்பிகளில் சுற்றிக்கொண்டு வரும். நிறுத்தி, உருவி எறிந்துவிட்டு மறுபடி அடியுங்கள். அதற்கும் மேல் ஒருமுறை சல்லடையில் தேய்த்தால் பூரணம் பட்டாக இருக்கும்.

இப்படித் தேய்த்து மசிப்பது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. ஆபி ஃபிஷர் என்ற அம்மையார் தென் கரோலினாவில் அடிமைத்தனத்தில் பிறந்தவர். பின்னாளில் சான்பிரான்சிஸ்கோவில் ஊறுகாயும் பழப்பாகும் செய்து பேர் வாங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய சமையல் நூல் 1881-இல் வெளிவந்தது. அதில் இந்தப் பை இருக்கிறது. 2 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 900 கிராம் கிழங்குக்கு இரண்டு பை, 5 முட்டை, ஒரு ஆரஞ்சுப் பழத்தின் சாறு, அதன் பாதித் தோலின் துருவல். கிழங்கை அவர் வேகவைக்கத்தான் செய்கிறார். ஆனால் சூடு ஆறுமுன் ஓட்டைத் தட்டில் தேய்த்து மசிக்கச் சொல்கிறார். ஜாதிக்காய் இல்லை, பட்டை இல்லை. வாசனைக்கு ஆரஞ்சு மட்டும். ஒருமுறை அப்படியும் செய்து பாருங்கள் என்று மனதாரச் சொல்வேன்.

எடுக்கும் பதமும் முக்கியம். 175 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் போலப் பிடிக்கும். தட்டை லேசாக அசைத்தால் ஓரம் நிலைத்து, நடுவில் மட்டும் ஒரு வடை அகலத்துக்கு நடுங்க வேண்டும். அந்த நடுக்கம் வெளியே எடுத்தபின் தானே அடங்கும். அதுவும் அடங்கட்டும் என்று உள்ளேயே விட்டால் முட்டை இறுகி, பூரணம் வெடித்து, வெடிப்பின் வழியே நீர் கசியும். அப்படிப்பட்ட பை இரவைத் தாண்டாது.

முன்கூட்டியே செய்துவைக்க விரும்புவோருக்கு ஃப்ரீசர் இருக்கிறது. பாலும் முட்டையும் மட்டுமே கொண்ட கஸ்டர்ட் பைகள் உறைந்து உருகினால் திரிந்து போகும். கிழங்கும் பூசணியும் உருகும்போது பிரியும் நீரைக் கொஞ்சம் பிடித்துவைப்பதால் அவற்றில் செய்த பைகள் தாங்கும். நன்றாக ஆறியபின், திறந்தபடியே இறுகும்வரை உறையவிட்டு, அப்புறம் பிளாஸ்டிக் தாளும் அதன்மேல் அலுமினியத் தாளும் சுற்றுங்கள். 1 முதல் 2 மாதம் நன்றாக இருக்கும். உருக வைப்பதும் ஃபிரிட்ஜுக்குள்தான், ஒரு இரவு முழுக்க. மேலே முட்டை வெள்ளை நுரை போட்ட பையை உறைய வைக்க வேண்டாம்.

இனி பந்தி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் வெட்டாதீர்கள். குளிரில் ஜாதிக்காயும் வெண்ணெயும் வாய் திறக்காது. அரை மணி நேரம் வெளியில் இருந்தால் மணம் எழும். வெதுவெதுப்பாக வேண்டுமென்றால் ஓவனில் 150 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம், ஓரம் கருகாமல் அலுமினியத் தாள் சுற்றி. மைக்ரோவேவில் ஓடு தொய்ந்துவிடும். மெல்லிய கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் மறுபடி துடையுங்கள். முதல் துண்டு உடையாமல் வர வேண்டுமானால், இரண்டாம் துண்டையும் வெட்டி முடித்தபின் முதலாவதைத் தூக்குங்கள். 9 அங்குலப் பையில் தாராளமாக எட்டுப் பேருக்கு வரும். அடித்த கிரீம் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். பையின் மேல் பூசிவைத்தால் உருகி வழியும். மூன்று பை செய்திருந்தால் ஒன்று மட்டும் மேசைக்கு வரட்டும், மற்றவை உள்ளேயே. அங்கே விருந்து மதியம் தொடங்கி இருட்டும்வரை நீளும். 2 மணிக் கணக்கு பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோகும்.

1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று போனார்கள். பையும் கூடவே போனது. மின்னசோட்டாவில் வாழும் ரோஸ் மக்கீ என்ற கதைசொல்லி, 2014-இல் மிசூரியின் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற இளைஞர் காவலரின் துப்பாக்கிக்குப் பலியானபோது, பைகளைச் சுட்டுக் காரில் அடுக்கி அந்த ஊருக்கே ஓட்டிப் போனார். துக்கத்தில் இருந்தவர்களுக்குக் கையில் கொடுத்தார். அதிலிருந்து ஓர் அமைப்பு வளர்ந்தது. மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் விடுமுறையை ஒட்டி, அவர் இருந்திருந்தால் எத்தனை வயதோ அத்தனை பைகளைச் சுட்டு அவர்கள் தானமாகக் கொடுக்கிறார்கள். ஒரு வீட்டின் பலகாரம் இவ்வளவு தூரம் பயணம் போக முடிந்தால், அதைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் கலையும் அதே அளவு மதிக்கத் தக்கது.

விருந்து முடிந்து கிளம்புகிறவர்களுக்கு டு-கோ பிளேட் கட்டிக் கொடுப்பது அந்த வீடுகளின் வழக்கம். அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டிலிருந்தோ அலுவலக நண்பர் வழியாகவோ அப்படி ஒரு துண்டு வந்து சேரலாம். வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். எப்போது சுட்டது? மேசையில் எவ்வளவு நேரம் இருந்தது? இரண்டாவதற்கு உறுதியான பதில் வராவிட்டால், நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சாப்பிடாதீர்கள். பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுபோங்கள். ஃபிரிட்ஜில் இந்தப் பைக்கு ஆயுள் 3 முதல் 4 நாள். அந்தக் கணக்கு விருந்து நாளிலிருந்து தொடங்குவதில்லை, சுட்ட நாளிலிருந்து. புதன்கிழமை சுட்டதை ஞாயிற்றுக்கிழமை காலைக் காப்பியோடு முடித்துவிடுங்கள். மீந்திருப்பதை வெள்ளிக்கிழமையே துண்டு துண்டாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருந்தால், கிறிஸ்துமசுக்கும் வீட்டில் பை இருக்கும்.