காசு மட்டும் போதாது

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. ஏ.எல். எடுத்ததோடு படிப்பு முடிந்தது. இங்கே தொழிற்சாலையில் ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு என்று வேலை. "ஏதாவது கதையும் தம்பி" என்று தலைவர் கேட்டதால் வந்து நிற்கிறேன்.

என் பெரியம்மாவின் மகன் வன்னியில் இருக்கிறார். முன்னாள் போராளி. 2009 இல் முள்ளந்தண்டில் ஷெல் துண்டு பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. எனக்கு வேலை கிடைத்த முதல் வருசம் சக்கர நாற்காலிக்குக் காசு அனுப்பினேன். அவர் அதில் இருக்கிற படம் வந்தது. என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்துத்தான் ரெலிபோன் எடுத்தேன். "அண்ணை, கதிரை எப்பிடி?" என்று கேட்டேன்.

"கதிரை நல்ல கதிரை தம்பி. நான்தான் மூண்டு மாசமா அதிலை இருக்கேல்லை. குப்புறப் படுத்திருக்கிறன்" என்றார்.

படுக்கைப் புண். உணர்ச்சி இல்லாத உடம்புக்கு அழுத்தம் தெரியாது, நோவும் தெரியாது. கதிரையில் இருந்தால் அடிக்கடி உடம்பை உயர்த்தவேணும். படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டவேணும். கதிரைக்குத் தனி மெத்தை வேணும். நான் அனுப்பின காசில் கதிரை வந்தது, மெத்தை வரவில்லை. ஒரு தரம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

போர் முடிந்தபின் 11,000 பேருக்கு மேல் புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டு, பிறகு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் கால் இல்லாதவர்கள், கண் இல்லாதவர்கள் எத்தனையோ பேர். காயப்பட்ட இராணுவச் சிப்பாய்க்கு அரசாங்கம் பென்சன் கொடுக்கிறது, ராகமையில் தனி நிலையமும் இருக்கிறது. எங்கடை பிள்ளைகளுக்குப் பென்சன் இல்லை. நான் அரசியல் கதைக்க வரவில்லை. புண்ணுக்குக் கட்சி இல்லை.

யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் கால் நிலையம் இயங்கி வருகிறது. ஆனால் செயற்கைக் கால் ஒருக்கால் போட்டால் முடிகிற காரியம் அல்ல. அது தேயும், வெட்டின காலும் மெலியும், சில வருசத்தில் மாற்றவேணும். நாங்களோ ஒருக்கால் கொடுத்து, படம் எடுத்து, மறந்துவிடுகிறோம்.

நாங்கள் இருக்கிற நாட்டையும் பாருங்கள். 1917 இல், முதலாம் உலகப்போர் முடியமுதலே, பேர்லினில் காயப்பட்ட சிப்பாய்கள் தாங்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். நூறு வருசத்துக்கு மேலாகியும் அது இருக்கிறது. இன்றைக்கு அதன் பெயர் சோசியல்பெர்பாண்ட் டொய்ச்லாண்ட். இங்கே ஹனோவரிலும் அதற்கு அலுவலகம் உண்டு. வலது குறைந்தோருக்கும் பென்சன்காரருக்கும் சட்ட ஆலோசனை சொல்கிறது. சம்பளம் இல்லாமல் உழைக்கிற ஆட்களால்தான் அது நிலைத்தது. ஜேர்மன்காரர் இப்படியான தொண்டை 'ஏரன்அம்ட்' என்பார்கள். மரியாதையான பதவி என்று கருத்து. சும்மா செய்கிற வேலைக்குப் பதவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பாருங்கோ!

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. ஒரு குடும்பம் ஒரு ஆளைப் பொறுப்பெடுக்கட்டும். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ரெலிபோன் எடுங்கோ. "புண் இருக்கோ? சலம் வடிவாப் போகுதோ? இரவிலை நித்திரை வருகுதோ?" என்று கேளுங்கோ. வெட்கப்படாதேங்கோ. எங்களில் எத்தனையோ அக்காமார் முதியோர் இல்லத்தில் வேலை செய்கினம். ஆளைப் புரட்டுகிறது, புண் வராமல் பார்க்கிறது எல்லாம் அவைக்குத் தெரியும். அங்கே பராமரிக்கிற மனைவிமாருக்கும் தாய்மாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கலாம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அண்ணையின் புண் ஆற ஏழு மாதம் எடுத்தது. இப்போது மெத்தையும் இருக்கிறது, நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுக்கிறேன். போன கிழமை நான் இரவு வேலை முடிந்து நித்திரையாகிவிட்டேன். அவரே எடுத்தார். "என்ன தம்பி, சுகமில்லையோ?" என்று கேட்டார்.

பிறந்திருக்கிற புத்தாண்டில் நாங்களும் இப்படி ஒருவரையாவது விசாரிக்கத் தொடங்குவோம்.