முதல் எபிசோடுக்கு முன்னால்

(நமது சங்கத்தின் பொங்கல் விழாவில் ‘பி’ பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

“பத்து நிமிஷம்தான் மேடம், அப்புறம் சாப்பாடு” என்று செயலாளர் சொல்லிவிட்டார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் டிவி தொடர்களுக்குத் திரைக்கதை எழுதியவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். போன வருஷம் நம் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். “ஆன்ட்டி, ஒரு வெப் சீரிஸ் எழுதறேன். முதல் எபிசோடுக்கு அவுட்லைன் போடச் சொல்லித் தாங்க” என்றாள். சீன் சீனாகப் போடும் அந்தக் கதைச் சுருக்கத்தை எங்கள் தொழிலில் ‘ஒன்லைன்’ என்போம். அவளும் அவள் அம்மாவும் சம்மதித்ததால்தான் இதைச் சொல்கிறேன்.

நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தாள். அப்பா இறந்துவிட்டார். பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டை விற்கலாம் என்கிறாள் மகள். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள் அம்மா. நல்ல முடிச்சு. ஆனால் அது வருவது முப்பதாவது பக்கத்தில்! அதுவரை தாத்தா காலத்துக் கதை. புதிதாக எழுதுபவர்கள் எல்லோரும் செய்கிற தவறுதான் இது.

ஒரு கட்டு அட்டை கொடுத்தேன். அட்டைக்கு ஒரு சீன். யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, சீன் முடியும்போது என்ன மாறியிருக்கிறது என்று மூன்றே வரி. எதுவும் மாறவில்லையா? அட்டையை எடுத்துவிடு.

2022இல் வந்த, புஷ்கர் - காயத்ரியின் ‘சுழல்’ தொடரையும் பார்க்கச் சொன்னேன். முதல் எபிசோடிலேயே சிமெண்ட் ஆலை எரிகிறது, தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமல் போகிறாள். ஊரின் பழைய கதையெல்லாம் அந்தத் தேடலோடுதான் வருகிறது. முதலில் கேள்வி, பிறகுதான் வரலாறு. அவளுடைய அறுபது சீன் இருபத்திரண்டாகக் குறைந்தது.

அங்கேதான் நான் சொதப்பினேன். பழக்க தோஷம்! “அம்மாவைத் தூண்டிவிட ஒரு நாத்தனாரை வைப்போம்” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனவள் மூன்று வாரம் வரவில்லை. லிஃப்டில் பிடித்துக் கேட்டேன். “இப்போ அது உங்க கதையாயிடுச்சு ஆன்ட்டி” என்றாள். சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னது நியாயம்.

மறுபடி உட்கார்ந்தோம். இந்தத் தடவை யோசனை எதுவும் சொல்லவில்லை, கேள்வி மட்டும் கேட்டேன். “அந்த அம்மா ஏன் கையெழுத்துப் போடலை?” வெகுநேரம் பேசாமல் இருந்தாள். “தெரியலை ஆன்ட்டி. நான் அம்மாகிட்ட கேட்டதே இல்லை.”

அது அவள் வீட்டுக் கதை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று இரவு போய்க் கேட்டிருக்கிறாள். அம்மா சொன்ன பதில் இதுதான்: “கரண்ட் பில் மட்டும்தான் இன்னும் அவர் பேருக்கு வருது.”

முதல் எபிசோடின் கடைசி அட்டை அதுதான். மகள் பீரோவைத் திறக்கிறாள். பூட்டிய வீட்டுக்கு மாதக்கணக்கில் கட்டிய மின் ரசீதுகள், அடுக்கி வைத்திருக்கின்றன. எந்த நாத்தனாரும் இதைக் கொடுத்திருக்க முடியாது.

தொடரை இன்னும் யாரும் வாங்கவில்லை. இரண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கிறாள். வீட்டையும் விற்கவில்லை. ஆனால் அம்மாவும் பெண்ணும் அதைப் பற்றி இப்போது பேசுகிறார்கள்.

எழுத ஆசைப்படுகிறவர்கள் ஞாயிறு மாலை நம் நூலக அறைக்கு வாருங்கள். பேனாவும் கொஞ்சம் அட்டையும் போதும். உங்கள் கதையில் நாத்தனாரைச் சேர்க்க மாட்டேன், சத்தியம்!