பிப்ரவரியில மூணாறு போகலாமா?

போன வாரம் எபிசோடு போடல, அதுக்கு முதல்ல சாரி. ஒரு ட்ரிப் பிளான் பண்ணிட்டு இருந்தேன். கடைசியில அந்த ட்ரிப் போகல. ஏன் போகலங்கிறதுதான் இன்னைக்கு பேச்சு.

காலேஜ் கேங் ஆறு பேர். நாலு பேர் இன்னமும் காட்டாங்குளத்தூர், கூடுவாஞ்சேரி பக்கம்தான் இருக்கோம். பிப்ரவரி கடைசியில ஒரு வெள்ளியும் திங்களும் லீவ் போட்டா நாலு நாள் கிடைக்குது. மூணாறு போய் இரவிகுளம் தேசியப் பூங்காவுல வரையாடு பார்க்கணும், அப்புறம் கொழுக்குமலையில இருந்து குரங்கணிக்கு நடந்தே இறங்கி, போடி வழியா ஊர் திரும்பணும். இதான் பிளான்.

நான் சும்மா இருப்பேனா? ஷீட் ஒண்ணு போட்டேன். யாருக்கு எத்தனை லீவ் பாக்கி, எந்த பஸ் எவ்வளவு, ரூம் ஷேர் எவ்வளவு, எல்லாத்துக்கும் ஃபார்முலா. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டைச் சென்னைக்காரங்க எல்லாரும் திட்டுறாங்க, ஆனா ஜி.எஸ்.டி. ரோடுக்காரங்களுக்கு அது வீட்டுப் பக்கத்துல கிடைச்ச வரம். அங்க நைட் பஸ் ஏறினா காலையில தேனி. சென்ட்ரல்ல இருந்து போடிநாயக்கனூருக்கே வாரம் மூணு நாள் ரயில் இருக்கு, ஆனா நம்ம ஏரியாவுல இருந்து சென்ட்ரல் போறதே ஒரு தனி ட்ரிப். அதனால பஸ்ஸுன்னு முடிவாச்சு.

ஷீட்ல எல்லா காலமும் பச்சையா இருந்துச்சு. இரவிகுளம் டிக்கெட்டை ஆன்லைன்ல புக் பண்ணப் போனேன். பார்க் மூடியிருக்கு.

ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. பிப்ரவரி, மார்ச் ரெண்டு மாசமும் வழக்கமா மூடிடுவாங்களாம். வரையாடு குட்டி போடுற சீசன். ஜூன் ஜூலை மழையில இணை சேருது, ஆறு மாசம் போல வயித்துல சுமந்து, ஜனவரி பிப்ரவரி வாக்குல பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி போடுது. இரவிகுளத்துல ராஜமலைன்னு ஒரு பகுதி, அங்க மட்டும்தான் நம்மள விடுவாங்க. அங்க இருக்கிற ஆடுங்க மனுஷனைப் பார்த்து ஓடாது, ரோட்டோரமாவே மேயும். நாம செல்ஃபி எடுக்க நெருங்கினா தாய்க்கும் குட்டிக்கும் நடுவுல போய் நிப்போம். அதான் கேட்டைச் சாத்திடுறாங்க. இது நம்ம மாநில விலங்கு மக்களே. 2024 கணக்கெடுப்புல தமிழ்நாடு முழுக்க 1,031தான். நம்ம காலேஜ்ல ஒரு டிபார்ட்மென்ட்ல ஒரு பேட்ச்சுக்குக் கூட அதைவிட அதிக ஆளு இருப்பாங்க.

சரி, பார்க் போனா போகுது, கொழுக்குமலை ட்ரெக்காவது போலாம்னு குரூப்ல ஒருத்தன். ஆன்லைன்ல யாரோ ஒரு கைடைப் பிடிச்சிட்டான். பெர்மிட் எல்லாம் தேவையில்ல, நான் பார்த்துக்கிறேன்னு அந்தாளு சொல்லியிருக்கான். நானும் ஓகேன்னு தம்ஸ்-அப் போட்டேன். ஒத்துக்கிறேன், போட்டேன்.

எங்க கேங்ல ஒருத்தனுக்கு ஊரு போடி. ரூட் கேக்கிறதுக்காக அவங்க அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சான். மாசின்னு சொன்னதும் அவங்க குரல் மாறிடுச்சு.

"மாசியிலயா? யாருய்யா உங்களுக்குச் சொன்னது? இந்தப் பக்கம் இருக்கிற நாங்களே மாசி பங்குனியில அங்கிட்டு ஏற மாட்டோம். புல்லு பூராம் காஞ்சு கிடக்கும்யா. அன்னைக்கு நைட்டு பூராம் ஆம்புலன்ஸு சத்தம். நான் வாசல்லதான் உக்காந்திருந்தேன். வேணாம் தம்பி."

எந்த நாள்னு அவங்க சொல்லல. யாரும் கேக்கவும் இல்ல. 2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. குரங்கணி.

அப்போ நாங்க காலேஜ்ல படிச்சிட்டு இருந்தோம். ஹாஸ்டல் மெஸ் டிவியில நியூஸ் ஓடுச்சு. சென்னையில இருந்து ஒரு குழு, ஈரோடு திருப்பூர் பக்கம் இருந்து ஒரு குழு. கொழுக்குமலைக்கு ஏறிட்டு, ஞாயித்துக்கிழமை இறங்கும்போது காட்டுத்தீயில மாட்டிக்கிட்டாங்க. மொத்தம் 23 பேர் உயிர் போச்சு. நிறைய பேர் ஐ.டி.யில வேலை பார்த்தவங்க. வீக்எண்ட்ல கிளம்பி திங்கக்கிழமை ஆபீஸுக்குத் திரும்ப நினைச்சவங்க. அப்போ எங்களுக்கு அவங்க அக்கா, அண்ணன் வயசு. இப்போ எங்களுக்கே அந்த வயசு. அவங்க போன பாதைக்கு முறையான அனுமதி இல்லைன்னு அப்புறம் அரசாங்கம் சொல்லுச்சு.

தீ சரிவுல மேல்நோக்கித்தான் வேகமா ஓடும். சூடு மேல ஏறி, மேல இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வெச்சிடும். ஆளுயரப் புல்லுக்கு நடுவுல ஒத்தையடிப் பாதையில நிக்கிறவனால மேட்டுல அதை முந்தி ஓட முடியாது. நான் இன்ஜினியரிங் படிச்சவன், வெப்பச் சலனம் பத்தி எக்ஸாம்ல எழுதியிருக்கேன். ஆனா ஷீட்ல அதுக்கு ஒரு காலம் போடணும்னு எனக்குத் தோணல.

குரூப்ல அந்த தம்ஸ்-அப்பை அழிச்சேன். கைடு விஷயத்தை அப்படியே விட்டுட்டோம். ட்ரெக் போகணும்னா முறையான வழி இப்போ இருக்கு. 2024 அக்டோபர்ல தமிழ்நாடு வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 14 மாவட்டத்துல 40 பாதையைத் திறந்தாங்க. ஆன்லைன் புக்கிங், கூடவே பழங்குடி மக்கள், உள்ளூர்க்காரங்கன்னு பயிற்சி எடுத்த வழிகாட்டிகள். தீ அபாயம் இருக்கிற மாசத்துல அதையும் நிறுத்திடுறாங்க. நிறுத்துறாங்களேன்னு கடுப்பாகி அடுத்த டேப்ல வேற கைடைத் தேடாதீங்க.

அப்போ எப்பதான் போறது? மறுபடி ஷீட்டைத் திறந்தோம். இந்த முறை எங்க லீவை வலது ஓரத்துக்குத் தள்ளிட்டு, மலையோட மாசங்களை முதல்ல எழுதினோம்.

பிப்ரவரி, மார்ச் போச்சு. ஏப்ரல், மே திறந்திருக்கும், ஆனா பாதி தென்னிந்தியா அங்கதான் நிக்கும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் தென்மேற்குப் பருவமழை. மழையில மூணாறு செம அழகுன்னு ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. அதே ராஜமலைக்குப் பக்கத்துல பெட்டிமுடின்னு ஒரு இடம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிஞ்சு தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மேல விழுந்துச்சு. 70 பேர். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், கயத்தாறு பக்கம் பூர்வீகம். நாம டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போற பச்சைக்குப் பக்கத்துலயே குடியிருந்தவங்க. அந்த மாசத்துல நம்ம கேமராவைத் தூக்கிட்டு அங்க போய் நிக்கணுமான்னு எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. ரோடும் மண் சரிஞ்சு அடைபடும், அது வேற.

அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழை, நம்ம ஊருக்கே வெள்ளம் வர்ற நேரம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு இருக்கிறவன் அப்போ எங்கயும் வர மாட்டான், வீட்டை யார் பார்க்கிறது? மிச்சம் இருக்கிறது செப்டம்பர் பின்பாதி, டிசம்பர், ஜனவரி. இதுல ஜனவரில விடியக்காலையில புல்லு மேல உறைபனி விழும், ஸ்வெட்டர் இல்லாம வந்து என்னைத் திட்டாதீங்க. குறிஞ்சிப் பூவுக்காகப் போறவங்களுக்கு ஒரே தேதிதான். 2018ல பூத்துச்சு, அடுத்து 2030. அதுக்கு ஹெச்.ஆர். கிட்ட இப்பவே சொல்லி வைங்க.

கடைசியா சில பிராக்டிகல் விஷயம். டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடுங்க, காலையில முதல் ஸ்லாட் நல்லது, மத்தியானம் மேகம் இறங்கிடும். கேட்டுல இருந்து வனத்துறை பஸ்லயே மேல கூட்டிட்டுப் போவாங்க, அப்புறம் தார் ரோட்டுல கொஞ்ச தூரம் நடை. அதனால அப்பா அம்மாவைத் தாராளமா கூட்டிட்டுப் போகலாம். அங்கேயே 2,695 மீட்டர் ஆனைமுடி தெரியும், தென்னிந்தியாவுலயே உசரம். ஏற விட மாட்டாங்க, கேட்டு நிக்காதீங்க. போடியில இருந்து போனா போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வர்றவங்க ஜன்னல் சீட்டைப் பிடிச்சுக்கோங்க.

நாங்க டிசம்பர் ரெண்டாவது வாரம் புக் பண்ணியிருக்கோம். ஆறு பேர் இல்ல, ஏழு பேர். போடியில அவங்க அம்மா ஏறிக்கிறாங்க. மூணாறு இவ்வளவு பக்கத்துல இருந்தும் அவங்க இதுவரைக்கும் வரையாடு பார்த்ததே இல்லையாம்.